ஒற்றைக் கருவியால் நுட்பமாக இடங்காணும் முறை

காவேரியின் கடைமடையில் நிலம் வைத்திருப்போருக்கு இரண்டு விஷயங்கள் மிக முக்கியமானவை. ஒன்று, வரப்பு எங்கே நிற்கிறது என்பது. மற்றொன்று, வயல் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பது. முன்னது தவறினால் அண்டை வயல்காரரோடு வியாஜ்யம். பின்னது தவறினால் தண்ணீர் ஏறாது, ஏறினால் வடியாது. மயிலாடுதுறை ஜில்லாவில் திருக்கடையூரைச் சுற்றிலுமுள்ள நன்செய்களில், ஆண்டுதோறும் அண்டை வெட்டும்போது வரப்பு சிறிது சிறிதாக இடம் மாறுவதும், எல்லைக்கற்கள் சேற்றில் புதைந்து கண்ணுக்கு மறைவதும் அனைவரும் அறிந்த சங்கதி. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி தரங்கம்பாடிக் கரையிலும் அதையடுத்த ஊர்களிலும் கடல் புகுந்தபோது, கரையோர வயல்கள் பலவற்றில் உப்பும் மணலும் படிந்து பழைய அடையாளங்களைத் தேட வேண்டியதாயிற்று.

இந்நிலையில், ஒரேயொரு கருவியை வயலில் நிறுத்தி, வேறு துணையின்றி, அந்த இடத்தைச் சில அங்குலப் பிழைக்குள் அறிந்துகொள்ளும் முறை ஒன்று இப்போது வழக்கத்திற்கு வந்திருக்கிறது. இது உண்மைதானா, இதை நம்பி எல்லைக்கல் நாட்டலாமா என்று மிராசுதாரர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் கேட்கிறார்கள். முறை உண்மையானதே. ஆனால் அது தரும் எண்ணுடன் அளந்த தேதியும், எந்த ஆதாரத்திலிருந்து அளந்தது என்பதும் எழுதப்படாவிட்டால், அந்த எண் நன்மையைவிடத் தீமையையே அதிகம் செய்யும். அதன் காரணங்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முற்கால அளவை

நம் ராஜதானியில் விஞ்ஞான முறையிலான பெரிய அளவை 1802-ஆம் வருஷம் ஏப்ரல் 10-ஆம் தேதி சென்னைப் பரங்கிமலைக்கு அருகே தொடங்கியது. வில்லியம் லாம்டன் என்பவர் அங்கே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஓர் ஆதாரக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தூரத்துப் புள்ளி ஒன்றை நோக்கிக் கோணம் அளந்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாகத் தேசம் முழுவதும் பரப்பிச் செல்வதே முறை. தஞ்சைத் தரணியை அவர் அடைந்தபோது குன்று ஒன்றும் இல்லை. எங்கு நோக்கினும் தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. ஆகையால் கோயில் கோபுரங்களே அளவை நிலையங்களாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை ஏற்றும்போது, கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சேதமுற்றது. அதைச் செப்பனிட்டே வேலையைத் தொடர வேண்டியதாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அம்முறையில் எந்தப் புள்ளியும் தனித்து நிற்பதில்லை. ஒவ்வொன்றும் பக்கத்துப் புள்ளியைச் சார்ந்தே நிற்கும். நம் கிராமப் புலப்படங்களும் அப்படிப்பட்டவையே. ஒரு கல்லிலிருந்து மற்றொரு கல்லுக்கு இத்தனை லிங்க் என்றே அவற்றில் எழுதியிருக்கும். கல் இரண்டும் காணாமற் போனால் படமிருந்தும் பயன் குறைவு. இப்போது நாம் பேசும் முறையோ, பக்கத்துக் கல்லைக் கேளாமல், வானத்தைக் கேட்டு இடத்தைச் சொல்லுகிறது.

செயற்கைக்கோள் இடம் சொல்லும் விதம்

ஜி.பி.எஸ். எனப்படும் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ என்பனவும் இவ்வகையினவே. நம் நாட்டின் நாவிக் தொகுதியின் முதற்கோள் 2013-ஆம் வருஷம் ஜூலை 1-ஆம் தேதி ஏவப்பட்டது. ஒவ்வொரு கோளும், "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது" என்று இடைவிடாமல் ரேடியோ அலை மூலம் அறிவித்துக்கொண்டிருக்கிறது. அவ்வலை நம்மை வந்து சேர எடுத்த காலத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் கோளுக்கும் நமக்கும் உள்ள தூரம் கிடைக்கும். மூன்று கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரியும். நம் கருவியிலுள்ள கடிகாரம் மலிவானதாகையால், அதன் பிழையை அறிய நான்காவது கோள் ஒன்றும் வேண்டும்.

இங்கே காலத்தின் நுட்பம் எவ்வளவு வேண்டும் என்பதைக் கவனிக்க. ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கு தவறினால் தூரத்தில் 30 சென்டிமீட்டர், அதாவது ஓர் அடி, தவறிவிடும்.

கைப்பேசியில் காணும் இடம் திறந்த வெளியில்கூடச் சில மீட்டர் தவறுவது இதனாலேயே. 2000-ஆம் வருஷம் மே மாதத் தொடக்கம் வரையில் அமெரிக்க அரசாங்கமே பொதுமக்களுக்குரிய அலையில் வேண்டுமென்று பிழையைக் கலந்து வந்தது. அது நீக்கப்பட்ட பின்னரும் இயற்கையான பிழைகள் எஞ்சியிருக்கின்றன.

பத்து அடிப் பிழை என்றால் அது நிலத்தில் எவ்வளவு என்று பார்ப்போம். 300 அடி நீளமுள்ள ஒரு வரப்பைப் பத்து அடி தள்ளிக் காட்டினால் 3,000 சதுர அடி நிலம் கைமாறும். நம் பக்கத்துக் கணக்கில் குழி ஒன்றுக்கு 144 சதுர அடியாகையால், அது ஏறத்தாழ 21 குழி. அதாவது ஒரு மாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். அதே வரப்பில் பிழை இரண்டு அங்குலமாக இருந்தால் 50 சதுர அடி மட்டுமே. அது ஒரு குழியில் மூன்றில் ஒரு பங்கு. கைப்பேசியைக் கொண்டு எல்லை பேசுவது ஏன் தகாது என்பதற்கு இக்கணக்கே போதும்.

பிழைகள் யாவை?

முதலாவது, கோள் தன்னுடைய இடமென்று அறிவிக்கும் இடமே சற்றுத் தவறானது. அது சொல்லும் மணியும் அப்படியே. இவ்விரண்டாலும் ஒரு மீட்டர் அளவில் பிழை நேரும்.

இரண்டாவது, வானத்தின் மேற்பகுதியில் அயனி மண்டலம் என்னும் மின்னூட்டமுள்ள படலம் இருக்கிறது. அது அலையைத் தாமதப்படுத்தும். உலகின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்பகுதியை ஒட்டிச் செல்வதால், நம் பகுதியில் இப்படலம் வலிமை மிக்கது. நடுப்பகலில் இதனால் தூரத்தில் பத்து மீட்டருக்கு மேலும் பிழை விழக்கூடும்.

மூன்றாவது, நாம் சுவாசிக்கும் காற்று. கோள் நேர் உச்சியில் இருக்கும்போதே காற்றும் அதிலுள்ள நீராவியும் சேர்ந்து இரண்டு மீட்டருக்கு மேல் தூரத்தைக் கூட்டிக் காட்டும். கடற்கரை ஊராகையால் நம் காற்றில் நீராவி மிகுதி. அதன் அளவு நாளுக்கு நாள் மாறும்.

நான்காவது, அலை நேரே வராமல் சுவரிலோ, தகரக் கொட்டகையிலோ, வயலில் தேங்கிய நீர்ப்பரப்பிலோ பட்டுத் தெறித்து வருவது.

இரு கருவி முறையும் ஒற்றைக் கருவி முறையும்

இப்பிழைகளைப் போக்குவதற்கு முதலில் கண்ட வழி இரண்டு கருவிகளைப் பயன்படுத்துவது. இடம் நன்கு தெரிந்த ஒரு கல்லின்மேல் ஒரு கருவி நிற்கும். மற்றொன்று வயலுக்குச் செல்லும். இரண்டும் அருகருகே இருந்தால் இரண்டுக்கும் பிழை ஏறத்தாழ ஒன்றே. முதற்கருவி தன் பிழையைக் கணக்கிட்டு அறிவிக்க, இரண்டாவது அதைக் கழித்துக்கொள்ளும். இதனால் ஓர் அங்குல அளவு நுட்பம் உடனுக்குடன் கிடைக்கும். இந்திய நில அளவை இலாகாவும், தமிழ்நாட்டு நில அளவை இலாகாவும் நிறுவியிருக்கும் கார்ஸ் எனப்படும் நிரந்தர நிலையங்கள் இந்த முதற்கருவியின் வேலையை ஊருக்குப் பொதுவாகச் செய்கின்றன. நிலையம் சமீபத்தில் இருந்து, கைப்பேசித் தொடர்பும் தடையின்றிக் கிடைக்குமானால், கிராம வேலைக்கு இதுவே சிறந்த வழி.

ஒற்றைக் கருவி முறையில் பக்கத்தில் வேறு கருவி எதுவும் வேண்டியதில்லை. அதற்கு ஈடாக, கோள்களின் உண்மையான இடத்தையும் அவற்றின் கடிகாரப் பிழையையும் மிக நுட்பமாகக் கணித்து வெளியிடும் அட்டவணைகளைக் கணக்கில் சேர்க்கிறோம். 1997-இல் அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸம்பர்கே முதலியோர் இம்முறையைத் தெளிவாக வகுத்து வெளியிட்டனர். பி.பி.பி. என்ற எழுத்துக்களால் இது குறிக்கப்படுகிறது. அட்டவணைகளைத் தயாரிப்பது 1994-இல் முறையாகத் தொடங்கிய ஒரு சர்வதேச ஸ்தாபனம். உலகெங்கும் பல நூறு நிலையங்கள் இரவும் பகலும் அளந்து அனுப்பும் கணக்குகளிலிருந்து அவை பெறப்படுகின்றன. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் ஹைதராபாத் புவி பௌதிக ஆராய்ச்சிக் கழகத்திலும் இந்நிலையங்கள் உண்டு. ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து வரும் இறுதி அட்டவணையில் கோளின் இடம் ஓர் அங்குல அளவுக்குத் திருத்தமாக இருக்கும்.

ஆகவே இம்முறையை முற்றிலும் தனித்த முறை என்று எண்ணலாகாது. பக்கத்து வயலிலிருந்த துணைக்கருவியை உலகம் முழுவதும் பரப்பி வைத்திருக்கிறோம் என்பதே சரி.

அயனி மண்டலத்தின் பிழையை நீக்க, கருவி இரண்டு அலைவரிசைகளை வாங்க வல்லதாயிருக்க வேண்டும். அப்படலத்தில் இரு அலைகளும் வெவ்வேறு அளவு தாமதப்படும். அந்த வித்தியாசத்திலிருந்தே தாமதம் முழுவதையும் கணக்கிட்டு நீக்கிவிடலாம். காற்றின் நீராவியால் வரும் பிழையோ, இடத்தோடு சேர்த்துத் தானும் கணக்கில் கண்டுபிடிக்கப்படுகிறது.

காத்திருக்க வேண்டியது ஏன்?

அங்குல நுட்பம் பெற, அலையில் ஏற்றியனுப்பும் செய்தியைக் கொண்டு மட்டும் தூரத்தை அளந்தால் போதாது. அலையையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். ஜி.பி.எஸ். கோளின் முதல் அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். நம் அளவைச் சங்கிலியின் ஒரு லிங்க் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். அதாவது வானத்திலிருந்து வயல்வரை லிங்க் அளவுள்ள வளையங்களால் ஆன சங்கிலி ஒன்று தொங்குவதாக வைத்துக்கொள்ளலாம். கடைசி வளையத்தின் பின்னத்தைக் கருவி மிகத் துல்லியமாக அளந்துவிடும். ஆனால் மேலே முழு வளையங்கள் எத்தனை கோடி என்பது அதற்குத் தெரியாது. கோள்கள் வானத்தில் நகர நகர, ஒவ்வொரு சங்கிலியின் சாய்வும் மாறும். பல கோள்களின் சங்கிலிகள் ஒரே புள்ளியில் வந்து பொருந்தும்படியான எண்ணிக்கை எது என்பது அப்போதுதான் புலப்படும். அதற்குப் பெரும்பாலும் அரை மணி நேரம் ஆகும். நடுவில் ஒருவர் ஆன்டெனாவை மறைத்துக்கொண்டு நின்றாலும், கருவியை அசைத்தாலும், எண்ணிக்கை அறுந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

ஒரு மணி நேரம் அசையாமல் நிறுத்திப் பின்னர் இறுதி அட்டவணையோடு கணக்கிட்டால், கிடைநிலையில் இரண்டு மூன்று அங்குலத்திற்குள் இடம் கிடைக்கும் என்று கொள்ளலாம். முழுநாள் நிறுத்தினால் அது அரை அங்குலம் அளவுக்குச் சுருங்கும். உயரத்தில் மட்டும் பிழை எப்போதும் இரு மடங்கு, மூன்று மடங்காக இருக்கும். கோள்கள் யாவும் நம் தலைக்கு மேலேயே இருப்பதும், கீழிருந்து அளக்க வழியின்மையும் அதற்குக் காரணம்.

கணக்கிடுவதற்கு மிராசுதாரர் கணிதம் கற்க வேண்டியதில்லை. கனடா நாட்டு இயற்கை வள இலாகா போன்ற ஸ்தாபனங்கள், இணையம் வழியாக அனுப்பும் அளவைக் கோப்பைப் பெற்று, கட்டணமின்றிக் கணக்கிட்டு முடிவைத் திருப்பி அனுப்புகின்றன. 2023-ஆம் வருஷம் ஜனவரி 24-ஆம் தேதி முதல், கலிலியோ கோள்களே திருத்தங்களை இலவசமாக ஒலிபரப்புகின்றன. அதற்கேற்ற கருவி இருந்தால், கைப்பேசித் தொடர்பு இல்லாத இடத்திலும் கிடைநிலையில் 20 சென்டிமீட்டர், உயரத்தில் 40 சென்டிமீட்டர் என்ற அளவு நுட்பம் சற்று நேரத்தில் கிடைக்கும்படி அது திட்டமிடப்பட்டிருக்கிறது. டிராக்டர் ஓட்டவும் உரமிடவும் இது உதவும். எல்லை குறிக்கப் போதாது. நம் நாட்டின் ககன் திருத்தமும் ஒற்றைக் கருவிக்கு உரியதே எனினும், அது விமானங்களுக்காக ஏற்பட்டது; அதன் நுட்பம் மீட்டர்க் கணக்கிலேயே நிற்கும்.

எண்ணோடு தேதியும் வேண்டும்

இனிச் சொல்வதே முக்கியமானது. பக்கத்துக் கல்லிலிருந்து அளந்த அளவு மாறுவதில்லை. கல்லும் வயலும் ஒரே தரையில் இருப்பதால் தரை எங்கே போனாலும் இரண்டும் சேர்ந்தே போகும். ஆனால் ஒற்றைக் கருவி முழு உலகத்தையும் ஆதாரமாகக் கொண்டு இடத்தைச் சொல்லுகிறது. இந்தியத் தேசம் அமர்ந்திருக்கும் பாறைத் தட்டோ நிலையாக இல்லை. அது ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதில் கிழக்கு நோக்கிய பங்கு மட்டும் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். 2004-ஆம் வருஷத்து சுமத்திராப் பூகம்பத்தின்போது பெங்களூர் நிலையமே சென்டிமீட்டர் அளவில் கிழக்கே நகர்ந்ததென்று அளந்தறியப்பட்டது.

திருக்கடையூரில் ஓர் எல்லைக்கல்லை 2015-இல் ஒற்றைக் கருவியால் அளந்து, அதே கல்லை 2025-இல் மீண்டும் அளந்ததாக வைத்துக்கொள்வோம். கல்லை ஒருவரும் தொடவில்லை. ஆயினும் இரண்டாவது எண், கல் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் கிழக்கே போயிருப்பதாகக் காட்டும். அது ஒன்றேகால் அடிக்குச் சற்று அதிகம். அதாவது இரண்டு லிங்க். இதை அறியாத ஒருவர் 2015-ஆம் வருஷத்து எண்ணைப் புதிய கருவியில் வைத்து, "கல் இருக்கவேண்டிய இடம் இதுவன்று, மேற்கே இரண்டு லிங்க் தள்ளி நாட்டுங்கள்" என்று சொன்னால் என்ன ஆகும்? 300 அடி வரப்பில் இரண்டே முக்கால் குழி அளவு நிலம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போய்விடும். கருவியும் பிழை செய்யவில்லை. அண்டை வீட்டுக்காரரும் அண்டை வெட்டவில்லை. தேதியை எழுதாததே குற்றம்.

அப்படியே, கார்ஸ் நிலையங்களைக் கொண்டு அளக்கும்போது, அந்நிலையங்களுக்கு ஒரு குறிப்பிட்ட காலத்துக்குரிய இடங்கள் நிலையாகக் கொடுக்கப்பட்டிருக்கும். ஆகவே அவற்றின் வழி வந்த எண்ணும், ஒற்றைக் கருவியின் இன்றைய எண்ணும் ஒன்றோடொன்று பொருந்தா. ஒரு வயலின் இரண்டு மூலைகளை ஒரு முறையாலும், மற்ற இரண்டை வேறொரு முறையாலும் அளந்து படம் வரைந்தால், வயலே கோணிப்போனதாகத் தோன்றும். அளவர் நகர்வின் அளவைக் கணக்கிட்டு எல்லாவற்றையும் ஒரே காலத்துக்கு மாற்றிய பின்பே ஒப்பிட வேண்டும். ஆகையால் ஒவ்வொரு எண்ணுடனும் அளந்த தேதி, எந்த உலக ஆதாரத்தில் கணக்கிடப்பட்டது என்பதன் பெயர், முறையின் பெயர் ஆகிய மூன்றையும் எழுதியே தீர வேண்டும்.

தரை மேலும் கீழும் அசைவதும் உண்டு. கடலைச் சந்திர சூரியர்கள் இழுப்பதுபோலவே தரையையும் இழுக்கின்றன. நம் அட்சரேகையில் திடமான பூமியே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஒரே நாளுக்குள் ஓர் அடி வரையில் ஏறி இறங்கும். ஊரெல்லாம் சேர்ந்து ஏறி இறங்குவதால் நாம் உணர்வதில்லை. ஒற்றைக் கருவிக் கணக்கில் இதையும் கழிக்கிறார்கள். இரு கருவி முறையில் இக்கவலை இல்லை.

உயரத்தைப் பற்றிய எச்சரிக்கை

திருக்கடையூர் வயலில் இக்கருவியை முதன்முறை நிறுத்துவோர் திடுக்கிடுவர். வயலின் உயரம் ஏறத்தாழ 90 மீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே என்று கருவி காட்டும். கருவி பழுதென்று எண்ண வேண்டாம். பூமியின் உருவத்தைக் கணிதத்தால் ஒரு சீரான உருண்டையாக வகுத்து, அதன் மேற்பரப்பிலிருந்தே கருவி உயரத்தை அளக்கிறது. உண்மையான கடல்மட்டமோ, பூமியின் ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுவதால் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. இந்தியாவுக்குத் தெற்கே இந்து மகா சமுத்திரத்தில் அது அக்கணித உருண்டைக்கு நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்து உலகிலேயே ஆழமான பள்ளமாயிருக்கிறது. நம் கரை அப்பள்ளத்தின் சரிவில் இருக்கிறது.

நாம் வழங்கும் கடல்மட்டம் வேறு வழியில் வந்தது. 1909-இல் முடிவு செய்யப்பட்ட இந்திய மட்ட அளவை, ஒன்பது துறைமுகங்களில் பல ஆண்டுகள் அளந்த கடல் ஏற்றவற்றத்தை ஆதாரமாகக் கொண்டது. அவற்றுள் நம் நாகப்பட்டினமும் ஒன்று. கருவியின் உயரத்தை இதற்கு மாற்ற, ஈர்ப்புப் பள்ளத்தின் அளவைத் தரும் அட்டவணை ஒன்றைச் சேர்க்க வேண்டும்; அதிலும் பிழையுண்டு.

கடைமடையில் மூன்று அங்குல வித்தியாசமே மடையில் தண்ணீர் ஏறுமா, ஏறாதா என்பதை முடிவு செய்கிறது. ஒற்றைக் கருவியின் உயரப் பிழையோ அதற்குக் குறையாது. ஆகையால் வயலைச் சமன் செய்வதற்கும், வாய்க்கால் மட்டம் பார்ப்பதற்கும், வடிகால் வெட்டுவதற்கும் இதைப் பயன்படுத்தலாகாது. அவற்றுக்குப் பழைய லெவல் கருவியோ, லேசர் மட்டக் கருவியோதான் தகுந்தது.

எல்லையும் சட்டமும்

இக்கருவி இடத்தைச் சொல்லுமேயன்றி உரிமையைச் சொல்லாது. 1923-ஆம் வருஷத்து நில அளவை, எல்லைகள் சட்டத்தின்படி முறையாக அளந்து நாட்டப்பட்ட கல்லும், அதற்குரிய புலப்படமுமே எல்லைக்கு ஆதாரம். அளவைக் கற்களைப் பாதுகாக்கும் கடமையை அச்சட்டம் நிலம் வைத்திருப்பவரிடமே ஒப்புவித்திருக்கிறது. ஒருவர் தாமே கருவி கொணர்ந்து அளந்து கல்லை மாற்றி நாட்டுவது சட்ட விரோதமானது. தகராறு இருப்பின் அளவைக்கு மனுச்செய்து, இரு தரப்பாரும் கூடியிருக்க, நில அளவரைக் கொண்டே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இக்கருவியால் ஒரு பெரும் நன்மை உண்டு. இப்போது கல் சரியான இடத்தில் இருக்கும்போதே, தகராறு ஏதும் இல்லாத காலத்திலேயே, அதன் இடத்தை அளந்து தேதியோடு எழுதி வைத்துக்கொண்டால், பின்னொரு நாள் வெள்ளத்திலோ மணலிலோ கல் மறைந்துபோனாலும், எங்கே தோண்டித் தேடுவது என்று அளவருக்குக் காட்டலாம். தேடும் இடம் ஒரு வேலியாக இல்லாமல் ஒரு கூடையளவாகக் குறையும். அண்டை வயலின் கற்களும் சேர்ந்து மறைந்துபோன இடத்தில் இவ்வுதவி விலைமதிப்பற்றது.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

1. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும் காலமே ஏற்றது. நீர் நிற்கும் வயலில் அலை தெறித்துப் பிழை உண்டாகும்.

2. காலை வேளையில் அளக்க. பொழுது சாய்ந்த பின், இரவு ஏழு மணி முதல் நள்ளிரவு வரையில், நம் பகுதியில் அயனி மண்டலம் கலங்கி அலை துடிதுடித்து அறுந்துபோகும். பங்குனி, சித்திரையிலும், புரட்டாசி, ஐப்பசியிலும் இது மிகுதி.

3. தென்னை, மூங்கில், பம்புசெட்டுக் கொட்டகை ஆகியவற்றுக்கு அருகே உள்ள கல்லில் நேரே அளக்காமல், சற்றுத் தள்ளித் திறந்த வெளியில் ஒரு முளை நாட்டி அளந்து, அங்கிருந்து கல்லுக்குச் சங்கிலியால் தூரம் எடுக்க.

4. கருவியை முக்காலியில் கல்லின் நேர்மேலே நிறுத்தி, கல்லின் தலையிலிருந்து ஆன்டெனா வரையிலான உயரத்தைத் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து எழுதுக.

5. இரு அலைவரிசைக் கருவியையே உபயோகிக்க. ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் அசைக்காது நிறுத்துக.

6. வேறொரு நாளில் மீண்டும் ஒருமுறை அளக்க. இரு முடிவுகளும் மூன்று அங்குலத்துக்கு மேல் வேறுபட்டால் மூன்றாம் முறையும் அளக்க. ஒரே அளவையை நம்புவது கூடாது.

7. திரையில் காணும் தசம இலக்கங்களைக் கண்டு மயங்க வேண்டாம். பாகையில் ஏழாவது தசம இலக்கம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆகும். கைப்பேசியும் ஏழு இலக்கம் காட்டும். ஆனால் அதில் ஐந்தாவது இலக்கமே நம்பத்தகாதது.

8. முடிவை மட்டுமன்றி, கருவி பதிந்த மூல அளவைக் கோப்பையும் பத்திரப்படுத்துக. பிற்காலத்தில் மறுபடி கணக்கிட்டுச் சரிபார்க்க அதுவே சாட்சி.

9. குறிப்பேட்டில் சர்வே எண், கல்லின் அடையாளம், தேதி, நேரம், முறை, உலக ஆதாரத்தின் பெயர் ஆகியவற்றை எழுதி, அண்டை வயல்காரரும் உடனிருந்து பார்த்ததாகக் குறித்துக்கொள்ளுதல் நலம்.

கருவியை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. ஒரு கிராமத்து மிராசுதாரர்களோ, கூட்டுறவுச் சங்கத்தினரோ சேர்ந்து ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, சில நாட்களில் ஊரின் முக்கியமான கற்களை எல்லாம் அளந்துவிடலாம். வாய்க்கால் பிரியும் இடங்களிலும், கிராம எல்லையிலும் உள்ள கற்களை முதலில் அளப்பது உத்தமம்.

ஆகவே, இவ்வறுவடை முடிந்ததும் தங்கள் புலப்படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வயலின் கற்கள் யாவும் இருக்கின்றனவா என்று மிராசுதாரர்கள் முதலில் பார்ப்பார்களாக. இருக்கும் கல்லை அளந்து, தேதியோடு எழுதிவைப்பது சிறிய வேலை. போன கல்லைத் தேடி நீதிமன்றத்துக்கு நடப்பது பெரிய வேலை.